தாங்குகிறவர்களின் அளவு

வயது ஏற ஏற எனக்கு வலிமை குறைந்த அமிலங்களின் மேல் மதிப்பு கூடிக்கொண்டே வருகிறது. வேதியியல் சொல்லிக்கொடுத்தே வாழ்க்கையை ஓட்டியவன் நான். ஆய்வகத்தில் கண்டதையும் வீட்டுக் கூடத்தில் கண்டதையும் அருகருகே வைத்துப் பார்க்க இப்போதுதான் நேரம் வாய்த்திருக்கிறது. அப்படிப் பார்க்கையில் ஒரு விஷயம் அடிக்கடி நெஞ்சில் வந்து நிற்கிறது. எடுத்தெறிந்து பேசுகிறவர்களை நாம் ஓயாமல் கவனிக்கிறோம். வாய் திறக்காமல் தாங்கிக்கொள்கிறவர்களை யாரும் அளந்து பார்ப்பதில்லை. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மாணவனாக இருந்த காலத்தில் எங்கள் கூட்டத்துக்கு வலிமை மிகுந்த அமிலங்கள்தான் கதாநாயகர்கள். செம்புத் துண்டின் மேல் செறிந்த நைட்ரிக் அமிலம் விழுந்ததும் செம்பழுப்புப் புகை பொங்கும். அதைப் பார்க்க முண்டியடித்துக்கொண்டு நிற்போம். கந்தக அமிலம் சர்க்கரையின் நீரை உறிஞ்சிக் கருப்புக் கரித் தூணாக எழுப்பும்போது கைதட்டுவோம். அசிட்டிக் அமிலத்தை யார் சீண்டினார்கள்? ஊறுகாய் வாடை அடிக்கிற சாதுவான திரவம் என்று ஒதுக்கிவிட்டு, புகை எழும் பக்கம் போய்விடுவோம். இருபது வயதில் கண்ணுக்குப் புகைதான் தெரியும். அதில் குற்றமும் இல்லை.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எளிமையானதுதான். ஹைட்ரோகுளோரிக் அமிலம் தண்ணீரில் கரைந்ததும் தன்னிடமுள்ள ஹைட்ரஜன் அயனி முழுவதையும் கொடுத்துவிடும். லிட்டருக்கு 0.1 மோல் கரைத்தால் கரைசலின் பிஎச் 1. அதே செறிவில் அசிட்டிக் அமிலத்தைக் கரைத்தால் பிஎச் ஏறக்குறைய 2.9. அதன் மூலக்கூறுகளில் நூற்றுக்கு ஒன்று சொச்சம்தான் அயனியாகப் பிரிந்திருக்கும். மிச்சமெல்லாம் கொடுக்காமல் கையில் வைத்திருப்பவை.

இந்த பிஎச் அளவுகோல் பிறந்தது ஒரு பீர் ஆலையின் ஆய்வகத்தில். டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் உள்ள கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் வேதியியல் பிரிவின் தலைவராக இருந்தவர் சோரன் சோரன்சன். நொதிகள் வேலை செய்யும் வேகம் கரைசலின் அமிலத்தன்மையைப் பொறுத்து மாறுவதை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஹைட்ரஜன் அயனியின் செறிவை எழுதினால் புள்ளிக்குப் பிறகு பூஜ்ஜியங்களாக நீளும். அதைச் சுருக்க மடக்கைக் கணக்கில் ஓர் அளவை 1909இல் கொண்டுவந்தார். பிஎச் ஒன்று குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடியது என்று பொருள். இரண்டு குறைந்தால் நூறு மடங்கு. பார்வைக்குச் சின்ன எண். உள்ளே நடந்திருப்பதோ பெரிய மாற்றம். இந்தச் சங்கதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அதற்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1923இல், அதே கோபன்ஹேகனில் யோஹானஸ் பிரான்ஸ்டெட்டும், இங்கிலாந்தில் தாமஸ் லௌரியும், தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தார்கள். புரோட்டானை, அதாவது ஹைட்ரஜன் அயனியை, கொடுப்பது அமிலம், வாங்குவது காரம். கொடுத்த பிறகு அமிலத்தில் மிஞ்சுகிறதே, அது அந்த அமிலத்தின் இணை காரம். வாங்கிய பிறகு காரம் என்னவாகிறதோ, அது அதன் இணை அமிலம். வகுப்பில் இதைக் கைமாற்றுக் கணக்காகச் சொல்வேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு நூறு ரூபாய் கைமாற்றுக் கொடுத்தவர், கொடுத்த அந்தக் கணத்திலேயே நூறு ரூபாய் திரும்ப வாங்கக்கூடியவராக ஆகிவிடுகிறார். கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் இரண்டு சாதி இல்லை, ஒரே ஆளின் இரண்டு நிலை.

வலிமை மிகுந்த அமிலம் கொடுத்ததைத் திரும்பக் கேட்காது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் இணை காரமான குளோரைடு, தண்ணீரிடமிருந்து புரோட்டானை வாங்க முயல்வதே இல்லை. அதனால்தான் சாப்பாட்டு உப்பைக் கரைத்தால் தண்ணீரின் பிஎச் அப்படியே இருக்கிறது. அசிட்டிக் அமிலத்தின் இணை காரமான அசிட்டேட் அப்படியில்லை. வாய்ப்புக் கிடைத்தால் திரும்ப வாங்கிக்கொள்ளும். சோடியம் அசிட்டேட் உப்பைத் தண்ணீரில் லிட்டருக்கு 0.1 மோல் கரைத்துப் பாருங்கள். நீர் மூலக்கூறுகளிடமிருந்து கொஞ்சம் புரோட்டானை எடுத்துக்கொண்டு, ஹைட்ராக்சைடு அயனியை விட்டுவைக்கும். பிஎச் 8.9 வரை ஏறிவிடும். அம்மோனியாவின் இணை அமிலமான அம்மோனியம் எதிர்த்திசையில் போகும். அம்மோனியம் குளோரைடை அதே செறிவில் கரைத்தால் பிஎச் 5.1க்கு இறங்கும். நம் அடுக்களையில் இருக்கும் ஆப்ப சோடாவின் பைகார்பனேட்டோ இரண்டும் தெரிந்தது. அமிலத்தைக் கண்டால் வாங்கிக்கொள்ளும், காரத்தைக் கண்டால் கொடுக்கும்.

இனி நான் சொல்லவந்த இடத்துக்கு வருகிறேன். ஒரு லிட்டர் தூய நீரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் செறிந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு மில்லி லிட்டருக்கும் சற்றுக் குறைவாக, கணக்குக்கு 0.01 மோல், விடுங்கள். பிஎச் 7இலிருந்து ஒரேயடியாக 2க்கு விழும். அமிலத்தன்மை ஒரு லட்சம் மடங்கு கூடிவிட்டது. இப்போது இன்னொரு லிட்டர். இதில் அசிட்டிக் அமிலம் 0.1 மோலும் அதன் இணை காரமான அசிட்டேட் 0.1 மோலும் சேர்ந்திருக்கின்றன. பிஎச் 4.76. இதிலும் அதே அளவு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடுங்கள். பிஎச் 4.67. அவ்வளவுதான் இறங்கும். அமிலத்துக்குப் பதில் அதே அளவு சோடியம் ஹைட்ராக்சைடை விட்டிருந்தால் 4.85 வரைதான் ஏறும். தூய நீராக இருந்தால் 12க்குப் போயிருக்கும்.

வந்த அமிலத்தை அசிட்டேட் வாங்கிக்கொள்கிறது. வந்த காரத்துக்கு அசிட்டிக் அமிலம் கொடுக்கிறது. இதைத்தான் தாங்கல் கரைசல் என்கிறோம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தாலும் அதன் குளோரைடாலும் இப்படி இரண்டு பக்கமும் சரிக்கட்ட முடியாது. திரும்ப வாங்கத் தெரிந்த, வலிமை குறைந்த இணையால்தான் முடியும். இளமையில் நாங்கள் ஒதுக்கிய சாதுவான திரவம்தான் இந்த வேலையைச் செய்கிறது.

ஆனால் இதோடு பாடத்தை முடித்தால் பாதிப் பாடம்தான். அதே அளவு அமிலத்தை மறுபடி மறுபடி விட்டுக்கொண்டே வாருங்கள். முதல் தடவை 0.09 அளவே இறங்கிய பிஎச், ஒன்பதாம் தடவையில் 0.3க்கு மேல் இறங்கும். பத்தாம் தடவையில் முக்கால் அலகு இறங்கி 2.7 ஆகிவிடும். விட்ட அளவு பத்துத் தடவையும் ஒன்றேதான். மாறியது உள்ளே மிச்சமிருந்த அசிட்டேட்டின் அளவு. பத்தாம் தடவையோடு அது தீர்ந்துபோனது. அதற்குப் பிறகு விழுகிற அமிலத்தை வாங்க ஆளில்லை.

நான் வேலை பார்த்த கல்லூரியில் ஓர் ஆய்வக உதவியாளர் இருந்தார். எங்களைவிட மூத்தவர், மாணவர்களுக்கு அண்ணன். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து கரைசல்களைத் தயாரித்து, பியூரெட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பார். தரம் பார்க்கும் சோதனையில் அவர் கண்ணுக்குத் தப்பி எதுவும் நடக்காது. கூம்புக் குடுவையில் 20 மில்லி அசிட்டிக் அமிலம், இரண்டு சொட்டு பினாப்தலீன் நிறங்காட்டி. பியூரெட்டில் அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு. மாணவர்கள் அவசரத்தில் குழாயைத் திறந்துவிடுவார்கள். அவர் பின்னால் வந்து நின்று, "தம்பி, சுத்திக்கிட்டே விடுங்க. செவப்பு வந்து வந்து மறையுதா? இனிமே சொட்டுச் சொட்டாத்தான்" என்பார்.

அந்தச் சோதனையில் பிஎச் மீட்டரை வைத்து வரைபடம் போட்டால் ஒரு வளைவு கிடைக்கும். தொடக்கத்தில் 2.9. ஐந்து மில்லி காரம் விழும்போது 4.3. பத்தில் 4.76. பதினைந்தில் 5.2. அதாவது ஐந்திலிருந்து பதினைந்து வரை, பத்து மில்லி காரம் உள்ளே போயும் மீட்டர் ஒரு முழு அலகுகூட நகர்ந்திருக்காது. பார்க்கிறவனுக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றும். பிறகு 19.9 மில்லியில் 7ஐத் தொட்டு, 20.1 மில்லியில் 10.4க்குத் தாவும். இடையில் விழுந்தது நாலே சொட்டு. குடுவை முழுக்கச் சிவந்துவிடும்.

ஒரு வருடம் என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கிராமத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவன். யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லாதவன். நண்பர்களுக்குப் பதிவேடு எழுதிக்கொடுப்பான், கடைக்குப் போய்வருவான், கையில் இருக்கும் பணத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்கக் கூச்சப்படுவான். நல்ல பையன், எதையும் தாங்கிக்கொள்வான் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு நாள் ஆய்வகத்தில் கூடப் படிப்பவன் ஒருவன், "உன் கிராஃப் ஷீட்ல ஒண்ணு குடேன்" என்று கேட்டான். அவ்வளவுதான். கையிலிருந்த பதிவேட்டை வீசி எறிந்துவிட்டு, கத்தித் தீர்த்துவிட்டான். மேசையிலிருந்த பிப்பெட் உருண்டு விழுந்து உடைந்தது. வகுப்பே திகைத்து நின்றது. ஒரு தாளுக்குப் போயா இவ்வளவு கோபம் என்று ஆளுக்கு ஆள் முணுமுணுத்தார்கள்.

அண்ணன் அவனைத் தராசு அறைக்குக் கூட்டிப்போய் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார். வெளியே போய் டீ வாங்கிவந்து கொடுத்தார். ஏன் கத்தினாய் என்று கேட்கவில்லை. "எத்தனை நாளா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் மாதிரி அவன் பேச ஆரம்பித்தான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் மாதக்கணக்கில் ஆகிறது. விடுதிக்குக் கட்டவேண்டிய பணம் பாக்கி. இருந்ததையும் நண்பர்கள் வாங்கிப்போய்விட்டார்கள். ராத்திரியில் மற்றவர்களின் பதிவேட்டை எழுதிவிட்டுத் தன்னுடையதை எழுத நேரமில்லை. எதையும் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை.

அன்று மாலை விடுதிப் பணத்தைத் தவணையில் கட்ட ஏற்பாடு செய்தோம். கடன் வாங்கியிருந்தவர்களை அண்ணன் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். பெரிய உதவி என்று எதையும் யாரும் செய்துவிடவில்லை. அங்கங்கே கொஞ்சம் கொஞ்சம்தான். கதவைப் பூட்டும்போது, தாள் கேட்ட பையன் அழுதுகொண்டு நின்றதைச் சொன்னேன். தன்னால்தான் இப்படி ஆகிவிட்டது என்று அவனுக்கு மனவருத்தம். அண்ணன் சாவியைத் திருப்பிக்கொண்டே, "பத்தொம்பது மில்லி முன்னாடியே போயிருச்சே சார். கடைசிச் சொட்டைச் சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றார். தரம் பார்க்கும் சோதனையில் ஊறிப்போன மனிதரின் பேச்சு அது. அதற்குப் பிறகு அந்த வளைவைக் கரும்பலகையில் வரையும்போதெல்லாம், செங்குத்தாக ஏறும் கோட்டைவிடத் தட்டையாகப் போகும் கோட்டைக் காட்டுவதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். நடக்கவேண்டியது அத்தனையும் அந்தத் தட்டையான பகுதியில்தான் நடந்து முடிகிறது.

இதே பாடத்தை வட ஐரோப்பாவின் ஏரிகள் பெரிய விலை கொடுத்துக் கற்றன. தெற்கு நார்வேயிலும் ஸ்வீடனிலும் கருங்கல் பாறைப் படுகையில் அமைந்த ஏராளமான ஏரிகள் உண்டு. தொழிற்சாலைகளின் கந்தகப் புகை காற்றில் வெகுதூரம் போய், மழையில் அமிலமாக அந்த ஏரிகளில் இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீரில் கரைந்திருந்த பைகார்பனேட் அந்த அமிலத்தை வாங்கிக்கொண்டே இருந்தது. பிஎச் பெரிதாக மாறவில்லை. பைகார்பனேட் தீர்ந்த ஏரிகளிலோ பிஎச் கிடுகிடுவென்று இறங்கியது. மண்ணிலிருந்து அலுமினியம் கரைந்து வந்து மீன்களின் செவுள்களைப் பாதித்தது. மீன் துள்ளிய ஏரிகள் மீனில்லாமல் போயின. ஸ்வான்டே ஓடேன் என்னும் ஸ்வீடன் நாட்டு மண்ணியல் அறிஞர் 1967இல் இதை நாளிதழில் எழுதியபோதுதான் நாடு விழித்துக்கொண்டது. சுண்ணாம்புப் பாறைப் பகுதியில் இருந்த ஏரிகளுக்கு இந்தக் கதி வரவில்லை. அவற்றின் பைகார்பனேட் செலவாகச் செலவாக, அடியிலிருந்த பாறை கரைந்து நிரப்பிக்கொண்டிருந்தது. பிறகு ஸ்வீடன் அரசு ஆயிரக்கணக்கான ஏரிகளில் சுண்ணாம்புக்கல் பொடியைக் கொட்டவேண்டி வந்தது. ஏரியின் நலத்தை அறிய பிஎச் மட்டும் போதாது, இன்னும் எவ்வளவு அமிலத்தைத் தாங்கும் என்கிற காரத்தன்மையையும் அளக்கவேண்டும் என்பது அதில் கிடைத்த பாடம்.

நம் உடம்புக்குள் ஓடும் ரத்தமும் ஒரு தாங்கல் கரைசல்தான். அதன் பிஎச் 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்கவேண்டும். கார்பானிக் அமிலமும் அதன் இணை காரமான பைகார்பனேட்டும் சேர்ந்துதான் அதில் பெரும்பங்கைப் பார்த்துக்கொள்கின்றன. பைகார்பனேட் லிட்டருக்குச் சுமார் 24 மில்லிமோல். கரைந்த கார்பன் டை ஆக்சைடும் கார்பானிக் அமிலமும் சேர்ந்து 1.2. இருபதுக்கு ஒன்று. பிஎச்சைத் தீர்மானிப்பது இந்த விகிதம்தான், தனித்தனி அளவு அல்ல. அமெரிக்காவின் ஹார்வர்டில் லாரன்ஸ் ஹெண்டர்சன் 1908இல் இந்த உறவைக் கண்டு எழுதினார். கோபன்ஹேகனின் கார்ல் ஹாசல்பால்க் அடுத்த பத்தாண்டுக்குள் அதைச் சோரன்சனின் அளவுகோலில் மாற்றி எழுதினார். மருத்துவ மாணவர்கள் இன்றைக்கும் மனப்பாடம் செய்யும் சமன்பாடு அது.

இதில் ஒரு வியப்பு உண்டு. எந்தத் தாங்கல் கரைசலும் அமிலமும் இணை காரமும் சரிபாதியாக இருக்கும்போதுதான் நன்றாகத் தாங்கும். ஒன்றுக்குப் பத்து என்று போய்விட்டால் அதன் திறன் வெகுவாகக் குறைந்துவிடும். ரத்தத்திலோ இருபதுக்கு ஒன்று. ஏட்டுக் கணக்குப்படி இது சுமாரான தாங்கல். ஆனாலும் பிறந்தது முதல் கடைசி மூச்சு வரை நம்மைக் காக்கிறது. எப்படி? அது தனியாக இல்லை. சேரும் கார்பன் டை ஆக்சைடை நுரையீரல் மூச்சுக்கு மூச்சு வெளியேற்றுகிறது. செலவான பைகார்பனேட்டைச் சிறுநீரகம் மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் பொறுமையாக ஈடுகட்டுகிறது. நாளொன்றுக்குச் சுமார் 15,000 மில்லிமோல் கார்பன் டை ஆக்சைடு உடம்பில் உண்டாகிறது. துணை இல்லாவிட்டால் ரத்தத்தால் கொஞ்ச நேரம்கூடச் சமாளிக்க முடியாது.

அந்தத் துணை நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை 1952இல் கோபன்ஹேகன் கண்டது. அந்தக் கோடையில் போலியோ ஊரை வளைத்துக்கொண்டது. ப்ளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத் தசைகள் செயலிழந்து சேர்க்கப்பட்ட முதல் 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். உடம்பை உள்ளே வைத்து மூச்சுவிடச் செய்யும் இரும்புக்கூண்டுக் கருவி அங்கே ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தால் கார்பன் டை ஆக்சைடின் மொத்த அளவு மிக அதிகமாகக் காட்டியது. அதில் பெரும்பகுதி பைகார்பனேட் வடிவில் இருப்பது. இணை காரம் மிகுந்திருக்கிறது, எனவே ரத்தம் காரமாகிவிட்டது என்று மருத்துவர்கள் எண்ணினார்கள்.

மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன் அதை மறுத்தார். மூச்சு போதாமல் கார்பன் டை ஆக்சைடு உள்ளே தேங்குகிறது, ரத்தம் அமிலமாகிக்கொண்டிருக்கிறது என்றார். போல் ஆஸ்ட்ரப் என்னும் மருத்துவ வேதியியலாளர் பிஎச்சை நேரடியாக அளந்தபோது இப்சன் சொன்னதே சரி என்று தெரிந்தது. பைகார்பனேட் கூடியிருந்தது உண்மை. அதன் பக்கத்தில் கார்பானிக் அமிலம் அதைவிடக் கூடியிருந்தது. ஒரு பக்கத்தை மட்டும் எண்ணியவர்களுக்கு விகிதம் கண்ணில் படவில்லை.

ஆகஸ்ட் 27 அன்று, சாகும் தறுவாயில் இருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமியின் மூச்சுக்குழலில் இடப்பட்ட துளை வழியே குழாயைச் செருகி, ரப்பர் பையைக் கையால் அழுத்தி இப்சன் மூச்சுக் கொடுத்தார். சிறுமி பிழைத்தாள். அதன் பிறகு நடந்ததுதான் என்னை இன்றும் உருக்குகிறது. இத்தனை நோயாளிகளுக்கும் இயந்திரம் இல்லை. மருத்துவம், பல் மருத்துவம் படிக்கும் மாணவர்களை அழைத்தார்கள். ஏறத்தாழ 1,500 பேர் முறைவைத்து வந்தார்கள். ஒரு கட்டத்தில் ஒரே சமயத்தில் 70 பேருக்கு மாணவர்கள் கையால் மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மணிக்கணக்காக, இரவும் பகலும், மாதக்கணக்கில். பேச முடியாத குழந்தைகளுக்குக் கதை படித்துக்காட்டிக்கொண்டே பையை அழுத்தினார்கள். இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. இன்று நாம் தீவிர சிகிச்சைப் பிரிவு என்று சொல்லும் ஏற்பாட்டுக்கு அந்த வார்டுகள்தான் முன்னோடி. அந்த மாணவர்கள் அரிய மருந்து எதையும் கொடுக்கவில்லை. தன்னால் வெளியேற்ற முடியாத ஒருவரின் சுமையைப் பக்கத்தில் உட்கார்ந்து வெளியேற்றினார்கள்.

இத்தனையையும் அடுக்கிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு குடும்பத்திலும், ஒவ்வொரு அலுவலகத்திலும், விழுவதையெல்லாம் வாங்கிக்கொள்கிற ஒருவர் இருக்கிறார். பெரும்பாலும் மூத்த மகள், அல்லது வீட்டுக்கு வந்த மருமகள், அல்லது எல்லோருக்கும் பொறுப்பேற்கும் ஓர் அண்ணன். "அவங்க எதையும் தாங்குவாங்க" என்று நாம் பாராட்டிவிட்டுப் போய்விடுகிறோம். பாராட்டி முடித்த கையோடு இன்னொரு சொட்டையும் விடுகிறோம். முகம் மாறவில்லை என்பதால் உள்ளே எதுவும் செலவாகவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். பிஎச் நகரவில்லை என்பதற்கு அர்த்தம் வேறு. அங்கே யாரோ வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் அதன் அர்த்தம். வாங்குகிற ஒவ்வொரு தடவையும் கையிருப்பு குறைகிறது. ஒரு நாள் அற்ப விஷயத்துக்கு அவர் வெடிக்கும்போது, அந்த அற்ப விஷயத்தைப் பிடித்துக்கொண்டு வழக்குப் பேசுகிறோம்.

தாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்த்துவிடுவது பெருந்தன்மை என்று நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். சரிபாதியில் நிற்கும் கரைசல்தான் அதிகம் தாங்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பாதியைக் கொடுங்கள், பாதியைக் கையில் வையுங்கள். உங்களுக்கென்று ஓய்வு, உங்களுக்கென்று ஒரு தோழி, உங்களுக்கென்று கொஞ்சம் பணம் வைத்துக்கொள்வது சுயநலம் ஆகாது. நாளைக்கும் தாங்கவேண்டும் என்றால் அது தேவை. பாரத்தைச் சொல்லிக்கொள்வதில் வெட்கப்படவும் ஒன்றும் இல்லை. ரத்தமே நுரையீரலை நம்பித்தான் இருக்கிறது.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு அண்ணனின் அந்தக் கேள்வி போதும். வெடித்த பிறகு கேட்காமல், அமைதியாக இருக்கிற நாளிலேயே கேளுங்கள். சிவப்பு வந்து வந்து மறையும் கட்டம் மனிதர்களிடமும் உண்டு. எப்போதும் சிரிக்கிறவர் ஒரு கணம் முகம் சுளித்துவிட்டு, ஒன்றுமில்லை என்பார். வழக்கமாகப் பேசுகிறவர் இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொள்வார். அந்த நேரத்தில் குழாயை மூடிவிட்டு, எத்தனை நாளாக இப்படி என்று விசாரியுங்கள். அவர் பார்க்கும் வேலைகளில் ஒன்றை உங்கள் கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்கவேண்டாம். தாங்கிப் பழகியவர்களுக்குக் கேட்கத் தெரியாது.